முனிக்கு நேர்ந்த போத்தல்கள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும், எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு, சரியான எழுத்தைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அப்போது நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு அறையும் சமைக்கக் குசினியும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். நானும் மனைவியும், எங்களோடு அவளுடைய தங்கச்சியும். தங்கச்சி வத்தேகமயில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். நான் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் இருந்தேன். அறை கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவது என் வேலை.

அந்த விடுதியின் மேல்மாடியில் ஒரு வெளிநாட்டு இஞ்சினியர் நெடுநாள் தங்கியிருந்தார். தலை முழுக்க நரைத்தவர், சத்தமாகப் பேசமாட்டார். அதனாலேயே அவர் அறையைக் கூட்டுவதற்கு எனக்குப் பயமில்லை. அவருக்குத் தன் நாட்டு பியர்தான் வேண்டும். லீவில் போய் வரும்போதெல்லாம் பெட்டியில் பெரிய தகர டின்களைக் கொண்டுவருவார். டின்னைத் திறந்தால் உள்ளே கித்துள் பாணி மாதிரி கறுப்பாக, தடிப்பாக ஒரு பாகு இருக்கும். வறுத்த தானிய வாசமும் ஏதோ கசப்பு இலை வாசமும் சேர்ந்து வரும். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, சீனி போட்டு, வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, வாளி நிறையத் தண்ணீர் விட்டு, பாணுக்குப் போடும் ஈஸ்ட் மாதிரி ஒரு பொட்டலத்தை மேலே தூவி மூடிவிடுவார். மூடியில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மறுநாள் முதல் அந்தத் தண்ணீர் ‘ப்ளுக், ப்ளுக்’ என்று கொப்புளிக்கத் தொடங்கும். அறையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மூலையில் யாரோ உட்கார்ந்து விழுங்குவது போல இருக்கும்.

கண்டி வெக்கை இதற்கு ஆகாது என்று அவர் வருத்தப்படுவார். லாகர் என்கிற அந்த வகை பியர் குளிரில்தான் ஆற வேண்டுமாம். வாளியைச் சுற்றி ஈரச் சாக்குப் போடுவார், ஐஸ் வைப்பார். போத்தல் கழுவிக் கொடுப்பதும் மூடி அடிக்கும் கைமெஷினைப் பிடித்துக்கொள்வதும் நான். போத்தலில் அடைத்த பிறகும் குடிக்க விடமாட்டார். நான் ஆசையாகப் பார்த்தால் ஒரு விரலைத் தூக்கி, “வெயிட்” என்பார். பிறகு கண்ணை மூடி, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலக் காட்டுவார். போத்தல்கள் தூங்க வேண்டும் என்று அர்த்தம். அவரிடம் நான் படித்த ஒரே இங்கிலீஷ் அதுதான்.

அவர் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது வாளி, குழாய், மூடி மெஷின், ஒரு பை நிறைய மூடிகள், திறக்காத ஒரு டின் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். குளிரான மலைப்பக்கம் கையைக் காட்டினார். விரலைத் தூக்கினார். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னா, பாணியா?”

“பியர் செய்றது.”

“நம்ம வீட்லயா? தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கோம். சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து பாத்தா, மூத்த மருமகன் கசிப்பு காய்ச்சுறான்னு சொல்லட்டும்னா?”

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

என் மாமனார் ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்தார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பராவில் தனியாக இருந்தார். மாமியார் இறந்த பிறகு சம்பள நாள் வந்தால் கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், குடிப்பார். மற்ற நாட்களில் தங்கமான மனுசன். ஆனால் எங்கள் கல்யாண நாள் ஒரு சம்பள நாளுக்கு அடுத்த நாளாக அமைந்துவிட்டது. தாரை வார்க்க வந்து நின்றார். கை நடுங்கி, செம்புத் தண்ணீர் முழுவதும் என் வேட்டியில் கொட்டியது. “மாப்பிள்ள பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டாருடோய்!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கோயிலே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி மணவறையிலேயே அழுதாள். அவள் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கச்சி அழவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தங்கச்சிக்குத்தான் இப்போது வத்தேகமயில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் நாள் வைத்திருந்தது. அவள் எங்களிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

“அப்பா குடிச்சிட்டு வந்து நின்னா, நான் மணவறையில இருந்து எழும்பிப் போயிருவேன். கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல.”

சொன்னால் செய்கிறவள் அவள்.

டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஆவணி மாதம் மாமா எங்களைப் பார்க்க வந்தார். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடும்போது வாளியைக் கண்டுவிட்டார். இழுத்து வெளியே எடுத்து, “இது எதுக்கு மாப்பிள்ள?” என்றார். எனக்குப் பொய்யும் வராது. சொன்னேன். குளிரில் வைக்க வேண்டும், அதனால்தான் இங்கே செய்ய முடியவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

“குளிர்தானே? நம்ம காம்பரா பின்சுவர் மண்மேட்டோட ஒட்டிக்கிட்டிருக்கு. சித்திரையிலயும் கை வச்சா சில்லுன்னு இருக்கும். கொண்டாங்க. கல்யாணத்துக்கு வர்ற ஆம்பிளைகளுக்கு எப்படியும் பின்பக்கம் ஏதாவது வைக்கணும். இத வைப்போம்.”

அவர் போன பிறகு மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. “அப்பாகிட்டயா குடுக்கப் போறீங்க? நல்லா இருக்கு ஒங்க புத்தி.”

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. மனைவியிடமும் சொல்ல வராது, மாமாவிடமும் சொல்ல வராது. முதலில் கேட்டவர் மாமா. அதனால் அடுத்த லீவு நாளில் வாளியையும் டின்னையும் சாக்கில் கட்டிக்கொண்டு தெல்தெனிய வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

மாமாவின் காம்பராவில் பாகைக் கரைத்தோம். மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினோம். மாமா ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வாளியைப் பின்சுவர் ஓரமாக வைத்தார். இரண்டு வாரம் அது அங்கே கொப்புளித்தது. குளிரில் மெல்ல மெல்லத்தான் சத்தம் வந்ததாம். “ராத்திரி படுத்தா அது பேசுது மாப்பிள்ள. வீட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு” என்று மாமா சொன்னார். மாமியார் போன பிறகு அந்தக் காம்பராவில் இரவில் வேறு சத்தம் இருந்திருக்காது.

சத்தம் நின்றதும் போத்தலில் அடைக்கப் போனேன். அடைக்கும்போது ஒவ்வொரு போத்தலுக்கும் தட்டையாக ஒரு தேக்கரண்டி சீனி போட வேண்டும். அடியில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்றுதான் நுரை உண்டாகும். நான் விரலால் வழித்துத் தட்டையாக்கிப் போடுவதை மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னா மாப்பிள்ள, சீக்காளிக்குக் கலக்கிற மாதிரி போடுறீங்க?”

“இவ்வளவுதான் மாமா. சார் இப்படித்தான் போடுவாரு.”

“அவங்க நாட்ல சீனிக்குப் பஞ்சமா இருக்கும்” என்றார்.

நடுவில் போத்தல் கழுவ இன்னும் சுடுதண்ணீர் எடுக்க நான் அடுப்படிக்குப் போய் வந்தேன். வரும்போது கடைசி வரிசைக்கு அவரே ஊற்றி முடித்திருந்தார். நான் மூடி அடித்தேன். எல்லாவற்றையும் பின்சுவர் ஓரம் அடுக்கி, சாக்குப் போட்டு மூடினோம். அவரிடம் விரலைத் தூக்கி, “வெயிட்” என்றேன். அவருக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போனது.

லயத்தில் எதையும் மறைக்க முடியாது. நான் பஸ் ஏறுவதற்கு முன்பே காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் நாலைந்து ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் மாமாவோடு மலையில் வேலை செய்கிறவர்கள். சம்பள நாளில் அவரோடு சேர்ந்து குடிப்பவர்களும் அவர்கள்தான்.

“அண்ணே, வெள்ளைக்காரன் சாமான் வந்திருக்காமே. வாசம் பாக்க வேணாமா?”

“இன்னும் பதம் வரல. வெயிட்டு.”

“வெயிட்டுமில்ல கியிட்டுமில்ல. ஒரு போத்தல் தொறந்தா கொறஞ்சா போயிரும்?”

ஒருவன் சாக்கைத் தூக்கவே போய்விட்டான். மாமாவுக்கு வேறு வழி தெரியவில்லை. “தொடாத! அது முனிக்கு நேர்ந்தது!” என்று கத்திவிட்டார்.

எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் மலைக்கு மேலே ஒரு மரத்தடியில் முனி இருக்கிறார். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் அதற்கு முந்திய நாள் அவருக்குக் கோழியும் சுருட்டும் சாராயமும் படைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அவருக்கென்று நேர்ந்ததை அவருக்கு முன்னால் தொட யாருக்கும் துணிச்சல் வராது.

மாமா மூச்சு விட்டார். அப்போதுதான் பக்கத்துக் காம்பரா அக்கா, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“முனிக்கு நேர்ந்துட்டு, நேர்ந்த ஆளு நடுவுல வேற தண்ணி அடிச்சா முனி சும்மா விடுவாராண்ணே? கல்யாணப் படையல் வரைக்கும் நீங்க சுத்தமாத்தானே இருக்கணும்?”

மாமா என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன். பியரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அவரையே கட்டிப்போட்டுவிட்டது.

“இருக்கத்தான் வேணும்” என்றார், மெதுவாக.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “அண்ணன் மாட்டிக்கிட்டாருடா!” என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. தங்கச்சி மட்டும், “சம்பள நாள் வரட்டும், பாப்போம்” என்றாள்.

அடுத்த சம்பள நாளில் நான் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். போத்தலைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். உண்மையில் மாமாவைப் பார்க்கத்தான் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் பிளேன்டீயும் மற்றக் கை உள்ளங்கையில் சீனியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதையில் கூட்டாளிகள் போனார்கள்.

“அண்ணே, வர்றீங்களா?”

“வெயிட்டு” என்றார்.

“எவ்வளவு நாளைக்கு?”

“தை மாசம் வரைக்கும்.”

அவர்கள் சிரித்துக்கொண்டே இறக்கத்தில் இறங்கிப் போனார்கள். அவர் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சீனியை நக்கி, ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தார். அன்று இருட்டும் வரை நான் கூடவே இருந்தேன். எழும்பும்போது, “போத்தல் எப்படித் தூங்குதுன்னு பாருங்க” என்று சாக்கைத் தூக்கிக் காட்டினார். கலங்கலாக இருந்தது அடியில் படிந்து, மேலே தேன் நிறத்தில் தெளியத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் காம்பராவின் ஈர மண் வாசம் வருகிறது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் போத்தல்கள் வெடித்தன.

ஒன்று வெடித்து, அது பக்கத்தில் இருந்ததை உடைத்து, ஒரு வரிசையே போய்விட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா சோற்றுப் பானையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாளாம். மாமா பீலியில் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு ஓடி வந்தாராம். காம்பராவுக்குள் நுரையும் கண்ணாடியும். வாசலில் லயமே கூடிவிட்டது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லோரும் அதையே சொன்னார்கள்: முனி உடைத்துவிட்டார், அப்படியென்றால் இவர் ஒளித்துக் குடித்திருக்கிறார்.

அந்தச் செய்தி பஸ்ஸில் ஏறி எங்களுக்கு முன்னால் வத்தேகமத் துணிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கச்சி வேலை விட்டு வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை.

“கேட்டீங்களா? முனியே காட்டிக் குடுத்துட்டாரு. எனக்குத் தாரை வார்க்க சித்தப்பாவக் கூப்பிடுங்க. அப்பா வேணாம்.”

மறுநாளே நான் மலைக்குப் போனேன். மாமா முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். “நான் தொடல மாப்பிள்ள. ஒங்க மாமி மேல சத்தியம்” என்றார். நான் கண்ணாடியைக் கூட்டினேன். முன்வரிசைப் போத்தல்கள் அப்படியே இருந்தன. உடைந்தது முழுக்கச் சுவர் ஓரம் இருந்த கடைசி வரிசை. நான் அடுப்படிக்குப் போயிருந்தபோது அவர் ஊற்றிய வரிசை.

“மாமா, அதுக்கு எவ்வளவு சீனி போட்டீங்க?”

அவர் குனிந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். “குமிச்சு ரெண்டு கரண்டி” என்றார். “அது சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குன்னு தனியா வச்சேன். ஒரு விருந்தாளிக்குச் சீனி கொறச்சு தேத்தண்ணி குடுத்தா நம்மள என்னா நெனப்பாங்க? மூத்தவ கல்யாணத்துலதான் மானம் போச்சு. இதுலயாவது...”

மீதிப் போத்தல்களின் மூடியை ஒவ்வொன்றாக லேசாக நெம்பி, காற்றை விட்டு, மறுபடி அடித்தோம். இனி வெடிக்காது என்று அவருக்குச் சொன்னேன். வாசலில் நின்ற அக்காவிடமும் சீனிக் கதையைச் சொன்னேன். “சீனி வெடிக்குமா? யாருக்குக் கத சொல்றீங்க தம்பி” என்றாள்.

வீட்டில் தங்கச்சியிடமும் சொன்னேன். எனக்கு அது பெரிய காரியம். கொழுந்தியாள் முகத்தைப் பார்த்து அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. சம்பள நாளில் இஸ்தோப்பில் கண்டதையும் சொன்னேன். அவள் கேட்டாள். “அத்தான், நீங்க நல்லவரு. எல்லாருக்கும் பரிஞ்சு பேசுவீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் சித்தப்பாவைக் கூப்பிடச் சொல்லி மறுபடி கேட்கவில்லை.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முந்திய நாள் காலையில் முனிக்குப் படையல். தங்கச்சியும் மலை ஏறி வந்தாள். வராமலும் இருந்திருக்கலாம். அப்பாவின் கையைப் பார்க்கத்தான் வந்தாள் என்று எனக்குத் தெரியும்.

“முனி இந்தச் சாமான் குடிப்பாராப்பா? கசிப்பு, சாராயம்னா பழக்கம் இருக்கு” என்று பூசாரி சிரித்தார். மூடியைத் திறந்தேன். புஸ் என்று சத்தம் வந்து, வெள்ளை நுரை போத்தல் கழுத்தில் ஏறியது. நாலு மாதமாகத் தூங்கியது விழித்துக்கொண்டது போல இருந்தது. எனக்கு அந்த இஞ்சினியர் நினைவு வந்தது. பூசாரி சிரட்டையில் ஊற்றி முனிக்கு வைத்துக் கும்பிட்டார். பிறகு மிச்சத்தை ஒரு கோப்பையில் ஊற்றி, பிரசாதம் என்று மாமாவிடம் நீட்டினார்.

படையல் முடிந்துவிட்டது. நேர்த்தியும் முடிந்துவிட்டது. இனி அவர் குடித்தால் முனிக்கும் கோபம் இல்லை, லயத்துக்கும் பேச்சு இல்லை. கூட்டாளிகள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கச்சி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

மாமா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு துளியை விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“நான் வெயிட்டு. நாளைக்குத் தாரை வார்த்துட்டுப் பாக்கலாம்.”

எனக்குக் குடிக்கவே தோன்றவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்ததால் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். ருசி என்னவென்று கேட்டால் தெரியாது.

மறுநாள் தோட்டத்துக் கோயிலில் மாமா வெள்ளை வேட்டி கட்டி நின்றார். தங்கச்சி மணவறையில் தலை குனிந்துதான் இருந்தாள், ஆனால் கண் மட்டும் செம்பில் இருந்தது. மாமா செம்பைச் சாய்த்தார். தண்ணீர் ஒரு நூல் மாதிரி, வேறெங்கும் சிந்தாமல் பெண் மாப்பிள்ளை கையில் விழுந்தது. விழுந்து முடிந்ததும் அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள், பிறகு விடவில்லை. ஐயர், “போதும்மா, விடுங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலைத் தாண்டி, லயத்துக்குப் பின்னால் வத்தேகம ஆட்களுக்குப் போத்தல்களைத் திறந்து கொடுத்தேன். நல்லாயிருக்கு என்றார்கள், எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகு மாமா வந்து என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றினேன். நுரை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“இதுக்கா மாப்பிள்ள இவ்வளவு நாள் இருந்தோம்? வேப்பிலைத் தண்ணி மாதிரில்ல இருக்கு. நான் அப்பவே சொன்னேன், சீனி பத்தாதுன்னு.”

நான் அன்று சிரித்தது போலப் பிறகு சிரித்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். தீபாவளிக்குக் குடித்தார், சில சம்பள நாளிலும் குடித்தார். ஆனால் மழை பெய்யும் சம்பள நாள்களில் இஸ்தோப்பில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருப்பதையும் பல தடவை கண்டிருக்கிறேன். அந்த மாதிரி டின் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. வாளியில் மனைவி அரிசி போட்டு வைத்திருக்கிறாள்.

மாமாவின் திவசத்துக்கு இந்த வருடம் எல்லோரும் கூடினோம். பாத்திரம் கழுவும் இடத்தில் கொழுந்தியாள் என்னைத் தனியாகக் கேட்டாள். இவ்வளவு வருடமும் அவள் கேட்காத கேள்வி.

“அத்தான், அந்த நாலு மாசமும் அப்பா உண்மையாவே தொடலயா?”

“தொடல” என்றேன். அதற்கு மேல் அங்கே எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து, நான் கண்டதை அவளுக்காக எழுதி வைத்தேன்.

புரட்டாதி 16, 2019.